ரசிகர் உலகின் வரலாற்றுக்கென ஓர் இதழ் நடத்துவது எப்படி

அறிவியல் புனைகதையின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். அதைப் படித்தவர்களின் வரலாற்றை எழுதியவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் பெரும்பாலும் அதைத் தாமே தட்டச்சிட்டு, தாமே சைக்ளோஸ்டைல் செய்து, தாமே தபால்தலை ஒட்டி அனுப்பிய சிறிய இதழ்களில்தான் எழுதினார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் ரசிகர்கள் ஃபேன்சீன் என்று அழைக்கும் இந்த ரசிகர் இதழ்களுக்குள், ரசிகர் உலகின் பழைய நாட்களையே பொருளாகக் கொண்டவை தனியொரு வகை. அவ்வகையில் ஓர் இதழைத் தொடங்க விரும்புகிறவருக்கு வேண்டிய வழிமுறைகளைப் பின்வருமாறு எழுதுகிறேன். உதாரணங்கள் யாவும் அந்த ஆங்கில ரசிகர் உலகிலிருந்தே எடுக்கப்பட்டவை; ஏனெனில் இந்தக் கலை அங்கேதான் நீண்ட காலம் பழகி முதிர்ந்திருக்கிறது.

முதலில் பொருளின் எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய அமேசிங் ஸ்டோரீஸ் இதழ், வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டது. தன் ஊரில் இத்தகைய கதைகளைப் படிக்கும் ஒரே ஆள் தானே என்று எண்ணியிருந்த இளைஞன், அந்த முகவரிகளைப் பார்த்து வேறொரு ஊரிலிருந்த வாசகனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதத் தொடங்கினான். கடிதங்கள் சங்கங்களாயின, சங்கங்கள் இதழ்கள் நடத்தின. 1930 மே மாதத்தில் தி காமெட் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க்கிலிருந்து தி பிளானெட் வந்தது. 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ரசிகர்கள் மாநாடு கூட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில், உறுப்பினர்கள் தத்தம் இதழ்களை ஒரே கட்டாகத் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்கென ஃபாப்பா என்ற அமைப்பு உருவாயிற்று. உங்கள் இதழின் பொருள் இந்தத் தளத்தில் இருக்கிறது. எந்தக் கதை எந்த ஆண்டில் வந்தது என்பதை இலக்கிய வரலாற்றாசிரியர் பார்த்துக்கொள்வார். அந்தக் கதையைப் பற்றி யார் யாரோடு சண்டையிட்டார்கள், அந்தச் சண்டையை எந்த இயந்திரத்தில் படியெடுத்து யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பதே உங்கள் வேலை.

இந்தப் பரப்பு முழுவதையும் ஓர் இதழில் அடக்க முயல்பவர் மூன்றாவது இதழோடு களைத்துப்போவார். ஒரு நகரத்தையோ, ஒரு சங்கத்தையோ, ஒரு பத்தாண்டையோ எடுத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது.

எழுதத் தொடங்குமுன் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் படித்துவிடுவது அவசியம். சாம் மாஸ்கோவிட்ஸ் எழுதிய தி இம்மார்ட்டல் ஸ்டார்ம், 1930களின் ரசிகர் உலகைப் பற்றிய முதல் விரிவான வரலாறு. அதுவும் ஃபேன்டஸி கமென்டேட்டர் என்ற ரசிகர் இதழில் தொடராக வந்து, 1954இல் நூலாயிற்று. விவரங்களில் அது ஒரு சுரங்கம். ஆனால் ஆசிரியரே அந்தச் சண்டைகளில் ஒரு தரப்பின் தலைவராக நின்றவர் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். நியூயார்க்கில் சில பத்து இளைஞர்களுக்குள் நடந்த பூசல்களை அது பேரரசுகளின் போர் போலச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைப் படித்து முடித்த கையோடு இதைப் படித்தாலும் விறுவிறுப்புக் குறைந்ததாகத் தோன்றாது என்று ஹாரி வார்னர் ஜூனியர் குறும்பாகக் குறிப்பிட்டதில் பாராட்டும் உண்டு, கண்டனமும் உண்டு.

அந்த வார்னர் இத்துறையின் மற்றொரு துருவம். மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற சிறு நகரில் செய்தியாளராகப் பணியாற்றிய அவர், ஊரைவிட்டு வெளியே செல்வதே அரிது என்பதால் ஹேகர்ஸ்டவுன் துறவி என்றே ரசிகர்களால் அழைக்கப்பட்டார். ஆனால் உலகெங்கிலுமிருந்து வந்த இதழ்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். வந்தவற்றைப் பாதுகாத்தும் வைத்தார். அந்தக் குவியலிலிருந்தே 1940களின் வரலாறான ஆல் அவர் எஸ்டர்டேஸ் 1969இல் வெளிவந்தது. 1950களைப் பற்றிய எ வெல்த் ஆஃப் ஃபேபிள் முதலில் ரசிகர் வெளியீடாகப் படியெடுக்கப்பட்டு, 1992இல் நூலாகி, மறுவருடம் அறிவியல் புனைகதைத் துறையின் ஹியூகோ விருதைப் பெற்றது. இவற்றோடு ஜாக் ஸ்பியர் 1944இல் வெளியிட்ட ஃபேன்சைக்ளோபீடியா என்ற கலைக்களஞ்சியமும், பிரிட்டிஷ் ரசிகர் உலகைப் பற்றி ராப் ஹேன்சன் எழுதிய தென் என்ற வரலாறும் கையருகில் இருக்கட்டும். மாஸ்கோவிட்ஸிடம் வேகத்தையும் வார்னரிடம் நிதானத்தையும் கற்கலாம். இருவரில் ஒருவரை மட்டும் பின்பற்ற வேண்டுமென்றால் நான் தயங்காமல் வார்னரையே சொல்வேன்.

இதழ் என்ற வடிவத்துக்கு மாதிரி வேண்டுமானால் மிமோசாவைப் பாருங்கள். நிக்கி லிஞ்ச், ரிச் லிஞ்ச் தம்பதியர் 1982 முதல் 2003 வரை நடத்திய இவ்விதழ் மொத்தம் 30 இதழ்களே வந்தது. சிறந்த ரசிகர் இதழுக்கான ஹியூகோ விருதை அது ஆறு முறை பெற்றது: 1992, 1993, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளில் தொடர்ச்சியாகவும், பின்னர் 1997, 1998, 2003 ஆகிய ஆண்டுகளிலும். அதன் ஆசிரியர்கள் கண்டுகொண்ட உத்தி மிக எளியது. அவர்கள் ரசிகர் உலக வரலாற்றைத் தாமே எழுதி நிரப்பவில்லை. ஃபாரஸ்ட் ஆக்கர்மன், டேவ் கைல், வால்ட் வில்லிஸ், வின்சென்ட் கிளார்க் போன்ற மூத்தவர்களை அவரவர் கண்டதை அவரவர் நடையில் எழுதச் செய்தார்கள். ஸ்டீவ் ஸ்டைல்ஸ், கர்ட் எரிக்சன் போன்ற ரசிகர் ஓவியர்களின் படங்கள் கட்டுரைகளுக்கு உயிரூட்டின. அதைத் தவிர ஒவ்வோர் இதழிலும் நீண்ட வாசகர் கடிதப் பகுதி இருந்தது. அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மூல ஆவணங்கள். ரசிகர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று, நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே வெளிவந்த இதழ்கள்தாம். அவற்றைக் கையில் எடுக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, அவை எந்த முறையில் படியெடுக்கப்பட்டவை என்பதே. ஜெலட்டின் நிரப்பிய தட்டில் மூலத்தாளை அழுத்தி, மை இறங்கிய ஜெலட்டின்மேல் வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றியெடுக்கும் ஹெக்டோகிராஃப் முறையில் ஏறத்தாழ ஐம்பது படிகளுக்குமேல் எழுத்துத் தெளிவாக விழாது. அதன் ஊதா மை வெளிச்சம் பட்டால் மங்கிக்கொண்டே போகும். மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து மையுருளையில் சுற்றும் சைக்ளோஸ்டைலில் நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். மை விரைவில் உலர வேண்டும் என்பதற்காகச் சொரசொரப்பான, மை உறிஞ்சும் தாளைப் பயன்படுத்தினார்கள். ஸ்டென்சில் எனப்படும் அந்த மெழுகுத்தாளில் விழுந்த பிழையைத் திருத்தும் திரவத்தைச் சுருக்கமாகக் கோர்ஃப்ளு என்று அழைத்த ரசிகர்கள், 1984இல் தொடங்கிய ரசிகர் இதழாளர் மாநாட்டுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொள்வதால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, ஓர் இதழ் எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கக்கூடும் என்பதைக் கணிக்கலாம். ஐம்பது படிகள் மட்டுமே வந்த ஹெக்டோகிராஃப் இதழில் ஒருவர் மற்றொருவரைத் திட்டியிருந்தால், அதை ரசிகர் உலகமே படித்து அதிர்ந்தது என்று எழுதிவிட முடியாது. இரண்டாவது, பழைய தாளை எப்படிக் கையாள வேண்டும் என்பது புரியும். ஊதா மையில் வந்த பக்கங்களைக் கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மங்கிய எழுத்துகள் காணாமலே போய்விடும். ஆகவே வண்ணத்திலும் உயர்ந்த தெளிவிலும் எடுத்து, பிறகு கணினியில் எழுத்தை அடர்த்தியாக்கிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசிகளை இழுத்துப் பிய்க்காமல், பின்பக்கத்தில் மடங்கிய கால்களை மெல்ல நிமிர்த்திய பின் எடுக்க வேண்டும். நொறுங்கும் தாள்களை முழுவதும் விரித்து அழுத்தக் கூடாது.

மூல இதழ்கள் கிடைக்குமிடங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்திலுள்ள ஈட்டன் தொகுப்பில் டெரி கார், புரூஸ் பெல்ஸ் ஆகியோர் சேர்த்த இதழ்கள் பெருமளவில் உள்ளன. அயோவா பல்கலைக்கழகம், ரஸ்டி ஹெவெலின் என்ற ரசிகர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றைப் பாதுகாக்கிறது. ஜோ சிக்லாரி தொடங்கிய ஃபேனாக் என்ற ரசிகர் வரலாற்றுத் திட்டம், பழைய இதழ்களை ஸ்கேன் செய்து எவரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. வெளிநாடு செல்ல வசதியில்லாதவரும் இன்று இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய முடிகிறது என்றால் அதற்குப் பெரும் காரணம் இத்தகைய திட்டங்களே.

ஓர் இதழிலிருந்து செய்தியை எடுக்கும்போது அதன் பெயர், எண், அட்டையிலுள்ள தேதி, பக்கம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அட்டைத் தேதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். மார்ச் என்று அச்சிட்ட இதழ் மே மாதத்தில் தபாலில் சேர்க்கப்படுவது சர்வசாதாரணம். உள்ளே குறிப்பிடப்படும் நிகழ்ச்சிகள், அஞ்சல் முத்திரை, வேறு இதழ்களில் வந்த மதிப்புரைகள் ஆகியவற்றைக் கொண்டே உண்மையான தேதியை நெருங்க முடியும். நன்கு நிறுவப்பட்ட செய்திக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வதானால், ஃபேன்சீன் என்ற சொல்லையே பார்க்கலாம். அதை உருவாக்கியவர் லூயி ரசல் ஷோவனே என்பதும், அது அவருடைய டீடூர்ஸ் இதழில் 1940 அக்டோபரில் வந்தது என்பதும் அவ்விதழே கைவசம் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது, அக்காலத்தவர் அந்தச் சொல்லைப் பேசியதாக எழுதிவிடாமல் இருப்பது ஒரு நல்ல ஒழுக்கம்.

தாளில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புவதும் ஆபத்தே. ரசிகர்கள் புரட்டு செய்வதில் வல்லவர்கள். பாப் டக்கர் என்ற ரசிகர் இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி 1936இல் அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதை வணிக இதழின் வாசகர் பகுதி வரை சென்று அச்சேறியது. அவரோ அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் வாழ்ந்து 2006இல்தான் மறைந்தார். 1950களில் கார்ல் பிராண்டன் என்ற கருப்பின ரசிகர் கலிஃபோர்னியாவிலிருந்து நகைச்சுவையாக எழுதிப் பெயர் பெற்றார். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. டெரி காரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய கற்பனை மனிதர் அவர். ஆகவே புதிதாக ஒரு பெயரைச் சந்திக்கும்போது, அவரை நேரில் பார்த்ததாக வேறு எவராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

இந்த முறைகளையெல்லாம் ஒரே நிகழ்ச்சியில் பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 1939 ஜூலை 2 ஞாயிற்றுக்கிழமையை நான் பரிந்துரைப்பேன். அன்று நியூயார்க்கின் கேரவன் மண்டபத்தில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு தொடங்கியது. ஏறத்தாழ 200 பேர் கூடினார்கள். மாநாட்டை நடத்திய மாஸ்கோவிட்ஸ், வில்லியம் சைகோரா, ஜேம்ஸ் டாரசி ஆகிய மூவரும், எதிரணியான ஃப்யூச்சரியன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த டொனால்ட் வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், ராபர்ட் லௌண்டஸ், ஜான் மைக்கேல், ஜாக் கில்லெஸ்பி ஆகிய அறுவரை உள்ளே விடவில்லை. நடத்தியவர்களைச் சர்வாதிகாரிகள் என்று எச்சரிக்கும் மஞ்சள் நிறத் துண்டுப் பிரசுரமொன்று மண்டபத்தில் கிடைத்ததே உடனடிக் காரணம். அதற்குள் பழைய அரசியல் சச்சரவுகளும் தனிப்பட்ட பகைகளும் கலந்திருந்தன. அதே சங்கத்தோடு உறவுகொண்டிருந்த ஐசக் அசிமோவ் தடையின்றி உள்ளே சென்றார்.

இப்போது சான்றுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். மாஸ்கோவிட்ஸ் தம் நூலில், ஒழுங்காக நடந்துகொள்வதாக வாக்குறுதி கேட்டதாகவும், மறுத்தவர்களே வெளியே நின்றதாகவும் எழுதுகிறார்; அவர் வாயிலில் நின்று தடுத்தவர். போல் 1978இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் அதே நாளை வெளியே நின்றவரின் கண்ணால் சொல்கிறார். எனினும் தம் கூட்டத்தார் மற்றவர்களைவிடத் தாம் மேலானவர்கள் என்று வெளிப்படையாகக் காட்டிக்கொண்டதையும் மறைக்கவில்லை. டேமன் நைட் 1977இல் ஃப்யூச்சரியன்ஸ் வரலாற்றை எழுதியபோது அவர்களில் பலரிடம் கேட்டு எழுதினார். ஆனால் 1939இல் அவர் நியூயார்க்கில் இல்லை. கடைசியாக, ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1989இல் வந்த மிமோசா 6ஆம் இதழில் டேவ் கைல் எழுதினார். அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதி அச்சிட்டவர் கைல்தான். அவரை யாரும் வெளியேற்றவில்லை. தடுக்கப்பட்ட அறுவரில் எவரும் அதை எழுதவில்லை. இந்தக் கட்டுரையை ஒரு ரசிகர் இதழ் கேட்டு வாங்கி அச்சிட்டிருக்காவிட்டால், அந்த நாளின் மையத்தில் இருந்த மனிதரின் நேரடியான, விரிவான வாக்குமூலம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

நான்கு பேரும் சொல்வதைச் சராசரியாக்கி ஒரு கதையாக உருட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. அவர் இப்படிச் சொல்கிறார், இவர் இப்படிச் சொல்கிறார், இருவரும் எங்கே நின்றார்கள், எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார்கள் என்று வேற்றுமைகளை வாசகர் முன் வைத்துவிட்டு, எது நம்பத்தக்கது என்று நீங்கள் கருதுகிறீர்களோ அதைக் காரணத்தோடு சொல்லுங்கள். துண்டுப் பிரசுரத்தின் படம் கிடைத்தால் அதையும் அச்சிடுங்கள். நான்கு நினைவுகளைவிட அன்றைய மஞ்சள் தாள் ஒன்று அதிகம் பேசும்.

மூத்த ரசிகர்களை எழுதச் செய்வது தனிக் கலை. உங்கள் நினைவுகளை எழுதித் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்டால், பத்து முறை சொல்லிப் பழகிய அதே இரண்டு நகைச்சுவைகள்தாம் வரும். அதற்கு மாறாக, ஒரு குறிப்பிட்ட பொருளை முன்வைத்துக் கேளுங்கள்: அவர் நடத்திய இதழின் ஒரு பக்கத்தின் நகல், ஒரு மாநாட்டின் குழுப் படம், பழைய உறுப்பினர் பட்டியல். இந்த இயந்திரத்தை எங்கே வாங்கினீர்கள், தாளுக்குக் காசு யார் கொடுத்தார்கள், மாநாட்டுக்கு எப்படிப் பயணம் செய்தீர்கள் என்பவை போன்ற எளிய கேள்விகளே வளமான பதில்களைத் தருகின்றன. நேரில் பேசி ஒலிப்பதிவு செய்தால், எழுத்தாக்கிய பின் அவரிடமே காட்டி ஒப்புதல் பெற்று அச்சிடுவது மரியாதை. அவர் சொன்ன ஒரு தேதி தவறு என்று நீங்கள் கண்டால், அவருடைய வாக்கியத்தைத் திருத்தாமல் விட்டு, அருகில் ஆசிரியர் குறிப்பாகச் சரியான தேதியைச் சேர்க்கலாம். முதியவர்களிடம் கேட்பதை அடுத்த இதழுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

வாசகர் கடிதப் பகுதியைப் பக்கம் நிரப்பும் இடமாகக் கருதக் கூடாது; இத்தகைய இதழில் அது ஒரு நீதிமன்றம். ஒருவர் எழுதியதை அதே அறையில் இருந்த மற்றொருவர் மறுப்பார். மூன்றாமவர் படத்தில் இடமிருந்து நான்காவதாக நிற்பவர் யார் என்று அடையாளம் காட்டுவார். கடிதங்களைச் சுருக்கும்போது புகழ்ச்சியை வெட்டுங்கள், திருத்தங்களை வெட்டாதீர்கள். தவறு உங்களுடையதாக இருந்தால், அடுத்த இதழில் தெளிவாக, எந்த இதழின் எந்தப் பக்கம் என்று குறிப்பிட்டுத் திருத்தம் வெளியிடுங்கள். நாளைய வரலாற்றாசிரியர் உங்கள் கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு திருத்தத்தைக் கவனிக்காமல் போவதும் நடக்கும். ஆகவே இணையப் படியில் கட்டுரையின் தொடக்கத்திலேயே திருத்தத்தைச் சுட்டிவிட வேண்டும்.

பழைய கட்டுரைகளையும் ஓவியங்களையும் மறுபதிப்புச் செய்யும்போது, இதழாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. பெரும்பாலான ரசிகர் இதழ்களில் உரிமை எழுதியவரிடமும் வரைந்தவரிடமுமே இருந்தது. அவர்களையோ வாரிசுகளையோ கேட்டுவிட்டு அச்சிடுங்கள். பழைய பக்கங்களில் வீட்டு முகவரிகள் தாராளமாகக் கிடக்கும். 1930களில் அந்த முகவரிகளே ரசிகர் உலகை உருவாக்கின என்றாலும், இன்று வாழ்ந்துகொண்டிருப்பவரின் முகவரியை மறைத்துவிட்டு வெளியிடுவதே முறை. பதினாறு வயதில் ஒருவர் கோபத்தில் எழுதிய வசை, எண்பது வயதில் அவரைத் துரத்த வேண்டியதில்லை. சண்டையின் வரலாற்றுக்கு அது இன்றியமையாததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இன்றியமையாதது என்றால், எதிர்த்தரப்பின் வார்த்தைகளையும் சேர்த்து அச்சிடுங்கள்.

தயாரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொல்செயலியும் பிடிஎஃப்பும் எல்லோர் கையிலும் இருக்கின்றன. நாற்பது பக்கங்களுக்குள் அடக்குங்கள், படங்களுக்குக் கீழே ஆண்டும் இடமும் பெயர்களும் தவறாமல் வரட்டும். ஆண்டுக்கு இரண்டு இதழ்கள் என்று சொல்லிவிட்டு இரண்டையும் கொண்டுவருவது, ஆறு என்று அறிவித்து ஒன்றோடு நிறுத்துவதைவிட மதிப்பானது. விலை வைப்பது ரசிகர் மரபில் அவ்வளவாக வழக்கமில்லை. ஒரு கடிதம், ஒரு கட்டுரை அல்லது படம், மாற்றாகத் தம் இதழ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தருகிறவருக்கு அடுத்த இதழை அனுப்புவதே ரசிகர்கள் வழமை என்று சொல்லும் ஏற்பாடு. வரலாற்று இதழுக்கு இது பணத்தைவிடப் பயன் தரும், ஏனெனில் உங்களுக்குத் தேவையானவை சான்றுகளே.

ஒவ்வோர் இதழின் முதல் பக்கத்திலும் இதழ் எண், உண்மையாக வெளியான தேதி, வெளியான ஊர், ஆசிரியர் பெயர் ஆகியவற்றை அச்சிடுங்கள். மற்றவர்களின் இதழ்களில் இவை இல்லாமல் நீங்கள் பட்ட பாட்டை உங்கள் இதழை எடுத்துப் பார்ப்பவர் படக் கூடாது. இணையத்தில் மட்டும் வெளியிட்டாலும், அமிலமில்லாத தாளில் ஐந்தாறு படிகளாவது அச்சிட்டு, மேலே சொன்ன நூலகங்களில் ரசிகர் இதழ்களை ஏற்றுக்கொள்பவற்றுக்கு இரண்டும், கட்டுரை எழுதித் தந்த மூத்தவர்களுக்கு ஆளுக்கொன்றும் தபாலில் அனுப்பிவையுங்கள். அச்சிட்ட படி கைக்கு வந்ததும் அதன் ஓரத்தில் பேனாவால் ஏதேனும் திருத்தி அவர்கள் திருப்பி அனுப்பினால், அதைத் தனி உறையில் போட்டு எண்ணிட்டு வையுங்கள். அடுத்த இதழின் முதல் கட்டுரை பெரும்பாலும் அந்த உறையில்தான் இருக்கும்.